ஓர் அரைநிழல்

சகலையை அந்தப் படப்பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனவன் ஊசியேதான். அதனால் பிற்பாடு யார்மேலும் பழி போட அவனுக்கு வழியில்லாமல் போயிற்று.

ஊசி என்பது படம் வரையக் கற்றுக்கொள்ளும் அந்தப் பள்ளியில் விழுந்த பெயர். மாமனார் வீட்டில் அவன் பெரிய மாப்பிள்ளை. பாட்டில் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் சூப்பர்வைசர். கல்லூரியைப் பாதியில் விட்டவன் என்பதால் அதற்கு மேல் ஏற்றிவிட அங்கே யாரும் தயாராக இல்லை. ஏறவேண்டும் என்று அவனும் துடிக்கவில்லை. அவன் துடிப்பெல்லாம் காலையில்தான். ஷிப்ட் முடிந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, டயர் கடைக்கு மேலே இருக்கும் அந்த நீள அறைக்கு வந்து, ஸ்வெட்டர் பின்னும் ஊசி ஒன்றைக் கையில் எடுப்பான். ஒரு கண்ணை மூடி, முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஊசி முனைக்கும் கட்டைவிரல் நகத்துக்கும் நடுவே ஒரு மூக்கையோ காதையோ பிடித்து அளப்பான். அங்கே எல்லாருமே அப்படித்தான் அளப்பார்கள். மற்றவர்கள் அளந்துவிட்டு வரைவார்கள். இவன் அளந்துவிட்டு மறுபடியும் அளப்பான். பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பள்ளியில் யாரும் தன் இஷ்டத்துக்கு எதையும் வரைய முடியாது. மாணவர்கள் பார்த்து வரையவென்றே பழைய காலத்து ஓவியர்கள் போட்டுவைத்த படங்கள் கெட்டி அட்டையில் ஒட்டிக் கிடக்கும். பிளேட் என்பார்கள். காது, மூக்கு, பாதம், கை, தலை என்று வரிசை. பிளேட்டைப் பலகையில் குத்தி, பக்கத்திலேயே வெறும் தாளைக் குத்தி, சில அடி தள்ளி நிற்க வேண்டும். நிற்கும் இடத்தில் இரண்டு பாதத்தையும் சுற்றித் தரையில் டேப் ஒட்டியிருக்கும். அதற்குள் கால் வைத்து நின்று பார்த்து, பார்த்ததை மனசில் பிடித்துக்கொண்டு, முன்னால் நடந்துபோய் ஒரு கோடு போட்டுவிட்டு, மறுபடி பின்னால் வந்து அதே டேப்புக்குள் நிற்க வேண்டும். கால் ஒரு விரற்கடை நகர்ந்தால் படமும் நகர்ந்துவிடும். ஒரு பிளேட் முடிய மாதக்கணக்கில் ஆகும். முடிந்ததும் டீச்சர் டிரேசிங் தாள் வைத்து ஒத்துப்பார்ப்பாள். பிசகு இருந்தால் “இன்னொரு தரம்” என்பாள். கோபமாகச் சொல்லமாட்டாள். அதுதான் தாங்காது.

எல்லா பிளேட்டையும் முடித்தவர்கள்தான் உள்ளே பிளாஸ்டர் அறைக்குப் போகலாம். அங்கே வெள்ளைச் சிலைகள் நிற்கும். நிஜமான உருண்டை, நிஜமான நிழல். கதவு திறந்திருக்கும்போது கழுத்தை நீட்டிப் பார்த்ததோடு சரி, ஊசி அந்த வாசலைத் தாண்டியதில்லை. அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் பலர் தாண்டிவிட்டார்கள்.

“இத்தனை வருஷமா ஒரு முகத்தைக்கூடச் சொந்தமா வரையலையா நீங்க?” என்று அவன் மனைவி கேட்பாள். “என்னை ஒரு தடவை வரைஞ்சு காட்டுங்களேன்.”

“அந்த இடத்துக்கு இன்னும் வரலை.”

“எந்த இடத்துக்கு? நான் இங்கதானே உட்கார்ந்திருக்கேன்?”

அவளுடைய தங்கையைக் கட்டியவன் பல் டாக்டர். சின்ன மாப்பிள்ளை. அவன் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவன் தானாக வாயைத் திறந்து சிரிப்பான். தொழிலுக்கு அது வசதி. ஒருநாள் அவன், “சகலை, அப்படி என்னதான் வரையறீங்க அங்க? எனக்கும் காட்டுங்களேன்” என்றான். கேட்க ஓர் ஆள் கிடைத்த பெருமையில் ஊசிக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டிப்போய், ஊசி, செங்குத்து பார்க்கும் தூக்குநூல், உப்புத்தாளில் தீட்டி முள்ளாக்கிய கரித்துண்டு எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினான். டாக்டர் கவனமாகக் கேட்டுக்கொண்டான். அடுத்த வாரமே வந்து சேர்ந்துவிட்டான். கிளினிக் அவனுக்குச் சாயங்காலம்தான்.

முதல் காதை அவன் முடித்தபோது டீச்சர் தாளைத் தூக்கிப் பிடித்து, “நல்லா இருக்கு” என்றாள்.

ஊசி தன் இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் டீச்சர் சொன்னதுண்டு. அவனுக்குச் சொல்வது “சரியா இருக்கு.” அதுவும் எப்போதாவது. நல்லா இருக்கு என்ற வார்த்தை அவள் வாயில் இருக்கிறது என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று முழுக்க அவன் தன் பிளேட்டைப் பார்க்கவில்லை. சகலையின் காதைத்தான் பார்த்தான். எங்கேயாவது பிசகு இருக்கும் என்று தேடினான்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மூக்கில் இவன் மாட்டிக்கொண்டிருந்தபோது சகலை மூக்குக்கு வந்தான். தலையில் இவன் இரண்டாம் தரம் நின்றபோது அவன் தலைக்கு வந்தான். கடைசி பிளேட்டுக்கு இரண்டு பேரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள்.

கடைசி பிளேட் ஒரு முதுகு. சட்டையில்லாத ஆள் ஒருவன், தலையைக் குனிந்து, முதுகைக் காட்டி நிற்கிறான். பள்ளியில் அது ஒரே ஒரு பிரதிதான். ஆகவே அகலப் பலகையின் நடுவில் பிளேட். இடப்பக்கம் டாக்டரின் தாள், வலப்பக்கம் ஊசியின் தாள். தரையில் டேப் ஒட்டிய இரண்டு ஜோடிப் பாதங்கள், பக்கத்துப் பக்கத்தில். கல்யாண போட்டோவில்கூட அவர்கள் இத்தனை நெருக்கமாக நின்றதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பிளாஸ்டர் அறையில் இருந்த ஒரு பெண்மணி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாள். டீச்சர் கரி படிந்த கையைத் துடைத்துக்கொண்டே வந்து சொன்னாள்:

“உள்ள ஒரு ஸ்டாண்ட் காலி. ஒண்ணுதான். மாசக் கடைசியில ரெண்டு முதுகையும் ஒண்ணா வச்சுப் பார்ப்பேன். எது சரியோ, அவங்க உள்ள.”

“இன்னொருத்தர்?” என்றான் டாக்டர்.

“அடுத்து யாராவது போற வரைக்கும் இங்கதான். போனவங்க அவ்வளவு சுலபத்துல வெளிய வர்றதில்ல.”

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுச் சாப்பாட்டில் விஷயம் இலைக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

“சின்ன மாப்பிள்ளை படம் வரையறாராமே!” என்றார் மாமனார். “சொல்லவே இல்லையே.”

“நானும் வரையறேன் மாமா,” என்றான் ஊசி.

“அது தெரியும். நீங்க எப்பவும் வரையறவர்தானே. இவருக்கு எப்படி நேரம் கிடைக்குதுன்னுதான் கேட்கறேன்.”

“சகலைதான் எனக்கு எல்லாம் சொல்லிக்குடுத்தார் மாமா,” என்றான் டாக்டர். அவன் அதை மனசாரச் சொன்னான். ஊசிக்கு அது இன்னும் எரிந்தது. திமிராகப் பேசியிருந்தால் வெறுக்க ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

வீடு திரும்பும் வழியில் மனைவி, “தங்கச்சியை அவர் வரைஞ்சிருக்காராம். அச்சு அசல் அவளேவாம்” என்றாள்.

“பள்ளியில அதுக்கு அனுமதி கிடையாது.”

“வீட்டுல கிடையாதா?”

தன்னால் அது முடியாது என்பதல்ல; முயன்று பார்க்கத் தனக்குத் தோன்றியதே இல்லை என்பது அவனை வீடு வரும்வரை அரித்தது.

மறுநாள் கம்பெனியில் ஒரு பெல்ட் அறுந்து ஷிப்ட் இழுத்துக்கொண்டது. எப்போதும் முதல் ஆளாக வருபவன் அன்று தாமதமாகத்தான் படியேறினான். டாக்டர் தனியாக நின்றுகொண்டிருந்தான். ஈரக் கைக்குட்டை ஒன்றை மடித்துப் பேன்ட் பையில் வைத்துக்கொண்டான். சிரிக்கவில்லை.

“என்ன சகலை, உடம்பு சரியில்லையா?”

“ஒண்ணுமில்ல. வேர்த்துது.”

ஊசி தன் பாதங்களுக்குள் கால் வைத்தான். கண்ணைச் சுருக்கினான். டீச்சர் முதல் நாளே சொல்லித்தருவது அது: “கண்ணைப் பாதி மூடுங்க. நிறமெல்லாம் போயிடும். நிழல் மட்டும் நிக்கும்.” சுருக்கிய கண்ணோடு பிளேட்டைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஓர் அரைநிழல் இருந்தது. மெல்லியது. தேய்பிறைபோல் வளைந்து, கீழ்ப்பக்கம் கொஞ்சம் அழுத்தமாகி, மேலே காற்றில் கரைவதுபோல் கரைந்தது. இத்தனை நாளும் அதே இடத்தை அவன் பார்த்திருக்கிறான். ஊசி வைத்து அளந்திருக்கிறான். அங்கே வெறும் வெளிச்சம் என்று எண்ணித் தாளை வெள்ளையாக விட்டிருக்கிறான்.

டீச்சர் அடிக்கடி சொல்வது இன்னொன்று உண்டு: “நேத்து தெரியாதது இன்னைக்குத் தெரியும். இத்தனை பாடும் அதுக்குத்தான். கண்ணு பழுக்கணும்.”

பழுத்துவிட்டது என்று அவன் நினைத்தான். பள்ளிக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவனுக்கு நடந்த ஒரே நல்ல விஷயம் அதுதான்.

மெதுவாக இடப்பக்கம் கண்ணை ஓட்டினான். சகலையின் தாளில் அந்த இடம் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

அவன் வயிற்றில் யாரோ பால் வார்த்தார்கள். ‘நல்லா இருக்கு’ என்று டீச்சர் சொன்னாளே, அந்தச் சகலையின் கண்ணுக்கு இது தெரியவில்லை! சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ‘சகலை, அந்த இடத்தைக் கொஞ்சம் பாருங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையை அவன் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டான்.

அன்றிலிருந்து அவன் வேறு எங்கும் கை வைக்கவில்லை. அந்த அரைநிழல்தான். கரியை முள்ளாகத் தீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூப்போல இழைகளைப் போட்டான். பிசையும் ரப்பரை உருட்டிக் கூராக்கி, மேல் விளிம்பை ஒற்றி ஒற்றி எடுத்தான். தனக்கு இவ்வளவு மென்மையான கை இருப்பது அவனுக்கே தெரியாது. பக்கத்துப் பாதங்களில் நின்ற டாக்டருக்கு மட்டும் நிலைகொள்ளவில்லை. இவன் தாளைப் பார்ப்பான், பிளேட்டைப் பார்ப்பான், கனைத்துக்கொள்வான்.

“சகலை,” என்றான் ஒருநாள், “அந்த இடத்துல அவ்வளவு வேணுமா?”

“எந்த இடத்துல?”

“தோளுக்குக் கீழ. எனக்கு என்னவோ... அங்க ஒண்ணும் இருக்கிற மாதிரி தெரியல.”

“தெரியாது,” என்றான் ஊசி. “கண்ணு வேணும் அதுக்கு.”

டாக்டர் தன் தாளுக்குத் திரும்பிக்கொண்டான். அடுத்த வாரம் இன்னொரு தரம் முயன்றான்.

“சகலை, ஒரு விஷயம் சொல்லணும் உங்ககிட்ட. அந்த பிளேட்டுல...”

“மாசக் கடைசியில பேசிக்கலாம் சகலை. அவங்கவங்க தாளை அவங்கவங்க பார்ப்போம்.”

சகலைக்குப் பயம் வந்துவிட்டது என்று ஊசி நினைத்துக்கொண்டான். நம்மைக் குழப்பி அழிக்கவைக்கப் பார்க்கிறான். அன்றைக்கே வீட்டுக்குப் போகுமுன் தாள்முழுக்க ஃபிக்ஸர் ஸ்பிரே அடித்தான். அதை அடித்துவிட்டால் கரி தாளோடு இறுகிவிடும். ரப்பரால் எடுக்க முடியாது. முடிந்த படத்துக்குத்தான் அடிப்பார்கள். அன்று அவன் தூங்கியதுபோல் வெகுநாளாகத் தூங்கியதில்லை.

மாசக் கடைசியில் டீச்சர் வந்து நின்றாள். முதலில் டாக்டரின் தாள்மேல் டிரேசிங் தாளை வைத்தாள், எடுத்தாள், பின்னால் நடந்தாள், முன்னால் வந்தாள். “ம்” என்றாள். பிறகு ஊசியின் தாளுக்கு வந்தாள். கோடுகள் எல்லாம் ஒத்துப்போயின. முதுகெலும்பின் பள்ளம், இடுப்பின் மடிப்பு, கழுத்தின் நரம்பு, எல்லாம். அவள் தலை லேசாக ஆடியது. பிறகு நின்றது.

“இந்த ஆளுக்கு முதுகுல என்ன வியாதி?”

ஊசி இதற்காகத்தான் காத்திருந்தான். ஆனால் இந்த வார்த்தைகளில் இல்லை.

“அரைநிழல் டீச்சர். பிளேட்டுல இருக்கு. நீங்களே பாருங்க. சகலைக்குத் தெரியல.”

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு அவன் எதிர்பார்க்காததைச் செய்தாள். கண்ணை முழுசாகத் திறந்தாள். பலகைக்குப் போய், ஜன்னல் வெளிச்சம் படும்படி பிளேட்டைக் கழற்றிச் சாய்த்துப் பிடித்தாள். விரலால் தடவினாள். கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

“டீ,” என்றாள்.

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஊசி கிட்டே போய்ப் பார்த்தான். கண்ணைச் சுருக்காமல் பார்த்தான். பழுப்பு. வெறும் பழுப்பு. ஓரத்தில் காகிதம் லேசாக உப்பியிருந்தது. குழந்தைகூடச் சொல்லும் அது என்ன என்று.

“நான்தான் டீச்சர்,” என்றான் டாக்டர். அவன் முகத்தில் ஈயாடவில்லை. “காலையில டம்ளரோட வந்துட்டேன். கை தட்டிடுச்சு. உடனே துடைச்சேன். போயிடுச்சுன்னு நினைச்சேன். போகல.”

அந்த அறையில் எழுதிப்போடாத ஒரே சட்டம் அது. டீயோடு யார் உள்ளே வந்தாலும் அப்படியே படியிறங்க வேண்டும். திரும்ப ஏறக் கூடாது. முன்னால் ஓர் ஆளை டீச்சர் அப்படி இறக்கியிருக்கிறாள். ஊசி தன் தாளை மறந்துவிட்டான். நெஞ்சு ஒரே ஒரு விஷயத்துக்காக அடித்துக்கொண்டது. டாக்டர் குனிந்து தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். மாட்டுடா, மாட்டு, என்று உள்ளுக்குள் யாரோ சொன்னார்கள். அந்தக் குரல் தன்னுடையதுதான் என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை.

டீச்சர் பிளேட்டையும் டாக்டரின் தாளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சட்டப்படி நீங்க இறங்கணும் டாக்டர்.”

“தெரியும் டீச்சர்.”

“ஆனா இந்த இடம் இனிமே பிளேட்டுல கிடையாது. கறை படறதுக்கு முன்னாடி பார்த்து வரைஞ்சது உங்க தாள்ல மட்டும்தான் இருக்கு. உங்களையும் தாளையும் வெளிய அனுப்பிட்டு, அடுத்து வர்றவங்களுக்கு நான் எதைக் காட்ட?” அவள் பெருமூச்சு விட்டாள். “பையை இறக்குங்க. தாள் இங்கயே இருக்கட்டும். நீங்க உள்ள போங்க. இந்த வருஷம் பூரா அறையைப் பெருக்கறது நீங்கதான்.”

“என்னுதுலயும் முதல்ல வெள்ளையாத்தான் டீச்சர் இருந்துது,” என்றான் ஊசி. அவன் குரல் அவனுக்கே சின்னப் பையன் குரல்போல் கேட்டது. “அதுக்கு மேலதான்...”

அவள் ரப்பரை எடுத்து ஓரத்தில் ஒற்றிப் பார்த்தாள். கரி வரவில்லை.

“ஃபிக்ஸர் அடிச்சிட்டீங்களா?”

அவன் தலையை ஆட்டினான்.

அவள் அந்த அரைநிழலை மறுபடி ஒருமுறை, கிட்டே வைத்துப் பார்த்தாள். கேலி இல்லாமல் பார்த்தாள். “நல்லா இருக்கு,” என்றாள். “டீக்கறையை இதைவிட நல்லா யாரும் வரைய முடியாது.” பிறகு சொன்னாள், “இன்னொரு தரம்.”

படியில் டாக்டர் காத்துக்கொண்டிருந்தான்.

“ஏன் சொல்லலை?” என்றான் ஊசி.

“சொல்ல வந்தேன் சகலை. ரெண்டு தரம் வந்தேன். பயம் ஒரு பக்கம். நீங்க வேற ‘கண்ணு வேணும்’னு ஆரம்பிச்சிட்டீங்க.” கொஞ்சம் தயங்கினான். “நீங்க முதல் நாளே ‘இது என்ன’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அப்பவே ஒப்புக்கிட்டிருப்பேன். ஏன் கேட்கல?”

ஊசி படியிறங்கிப் போய்விட்டான். பதில் அவனுக்குத் தெரியும், சகலைக்கும் தெரிந்திருக்கும்.

மனைவியிடம், சகலைக்குத்தான் இடம் கிடைத்தது என்று மட்டும் சொன்னான். “அப்படியா, தங்கச்சிக்குப் போன் பண்ணணுமே” என்று அவள் எழுந்து போனாள்.

மறுவாரம் புதுத் தாள் குத்தினான். நடுவில் அதே பிளேட், கறையோடு. இடப்பக்கம் சகலையின் முதுகு, அதே ஆணிகளில். தோள்பட்டைக்குக் கீழே உள்ள அந்த உள்ளங்கை அகலத்தை மட்டும் அதைப் பார்த்துத்தான் வரையவேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டாள். உள்ளேயிருந்து டாக்டர் பெருக்கும் சத்தமும், அவன் ஏதோ சொல்ல எல்லாரும் சிரிக்கும் சத்தமும் வந்தன.

ஊசி அளந்தான். மறுபடி அளந்தான். மூன்றாம் முறை அளந்தபோது அவன் உடம்பு சிலிர்த்தது. தோள்பட்டை எலும்பின் அகலம் குறைவு! பிளேட்டில் இருப்பதைவிட சகலையின் தாளில் ஒரு நூல் ஒடுக்கம். தூக்குநூலைத் தொங்கவிட்டுப் பார்த்தான். ஒடுக்கம்தான். இடுப்பும் அப்படித்தான். எல்லாமே ஒடுக்கம். பிசகு! இவ்வளவு பெரிய பிசகோடு ஒருவன் உள்ளே போய்ச் சிலைகளுக்கு நடுவே சிரித்துக்கொண்டிருக்கிறான்.

“டீச்சர்!” அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “கொஞ்சம் வாங்க. சகலையோட தாள்ல தப்பு இருக்கு.”

அவள் வந்து அவன் ஊசியை வாங்கிக்கொண்டாள். அவன் நிற்கும் இடத்துக்கு வரவில்லை. இடப்பக்கம் போய் நின்று, கையை நீட்டி அளந்தாள். திரும்பி அவன் கால்களைப் பார்த்தாள்.

“அது சரியாத்தான் இருக்கு. நீங்க உங்க இடத்துல நின்னு அவர் தாளைப் பார்க்கறீங்க. பக்கவாட்டுல பார்த்தா ஒடுங்கித்தான் தெரியும். ஊசி சார், இதைப் போய் நான் உங்களுக்குச் சொல்லணுமா?” ஊசியை அவன் கையில் வைத்தாள். “அவர் நின்ன இடத்துல நின்னு பாருங்க.”

அவள் போய்விட்டாள். மற்றவர்கள் தங்கள் பலகைகளுக்குத் திரும்பிக்கொண்டார்கள். ஊசி கொஞ்ச நேரம் தன் டேப்புக்குள்ளேயே நின்றான். பிறகு இடப்பக்கம் நகர்ந்து, தரையில் இருந்த அந்த இன்னொரு ஜோடிப் பாதங்களுக்குள் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தான். சகலையின் பாதம் சின்னது. விரல்கள் டேப்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவன் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, கையை நீட்டினான்.

எல்லாம் சரியாக இருந்தது.